மவுன்டன் வியூவில் ஒரு சனிக்கிழமை: புது கேம் ஏன் பழைய விண்டோஸில் ஓடுவதில்லை?

கலிஃபோர்னியாவில் இருக்கும் பெண் வீட்டுக்கோ பிள்ளை வீட்டுக்கோ ஆறு மாதம் போய்த் தங்கும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கென்று ஒரு சுற்றுலாப் பட்டியல் இருக்கிறது. கோல்டன் கேட் பாலம், லிவர்மோர் சிவா-விஷ்ணு கோயில், ஸ்டான்ஃபோர்டு வளாகம், கூகுள் ஆபீஸ் வாசலில் ஒரு போட்டோ. அந்த கூகுள் வாசலிலிருந்து காரில் சில நிமிஷ தூரத்தில், மவுன்டன் வியூ ஊரின் ஷோர்லைன் புலவார்டில், கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் இருக்கிறது. பட்டியலில் அது அநேகமாக வருவதில்லை. ‘கம்ப்யூட்டரைப் போய் என்ன வேடிக்கை பார்ப்பது, வீட்டிலேயே நாலு கிடக்கிறதே’ என்று நினைத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது.

எங்கள் வீட்டில் அந்த நாலில் ஒன்றால்தான் பிரச்னை. பேரனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் அப்பா முன்பு உபயோகித்த பெரிய கம்ப்யூட்டர் அவன் அறைக்கு வந்திருக்கிறது. விண்டோஸ் 7 போட்டது. பிறந்த நாளுக்குச் சித்தப்பா ஒரு புது கேமைப் பரிசாக அனுப்பினார். போட்டுப் பார்த்தால், இந்த விண்டோஸில் ஓடாது என்று ஒரு வரி வந்து நின்றுவிட்டது. பையன் முகம் சுண்டிப்போயிற்று. மெஷினில் ஒரு குறையும் இல்லை. முதல் நாள் வரை அதில் படம் ஓடியது, பாட்டு ஓடியது, பழைய கேம்கள் எல்லாம் ஓடின.

“நல்லா இருக்கிற பொருளை ஏன் பாட்டி வேண்டாங்கிறாங்க?” என்று என்னிடம் கேட்டான்.

பழைய வெண்கலப் பானையை இன்னும் அடுப்பில் ஏற்றுகிற வீட்டிலிருந்து வந்தவள் நான். எனக்கும் அதே கேள்விதான். கம்ப்யூட்டர் துறையிலேயே வேலை பார்க்கும் மாப்பிள்ளை, “சனிக்கிழமை எல்லாரும் மியூசியம் போகலாம் அத்தை. அங்கே வெச்சு சொன்னா ரெண்டு பேருக்குமே புரியும்” என்றார்.

மியூசியத்தின் முக்கியமான கண்காட்சி மணிச்சட்டத்தில் ஆரம்பிக்கிறது. ஓட்டை போட்ட அட்டைகளை வைத்து மக்கள்தொகை எண்ணிய இயந்திரம், அறையை அடைக்கும் பீரோ மாதிரியான மெஷின்கள் என்று நடக்க நடக்கக் காலம் முன்னே நகர்கிறது. கால் வலிக்கும், உட்கார்ந்து உட்கார்ந்து பாருங்கள். என்னை நிற்க வைத்தது ஒரு தேநீர்க் கெண்டி. வெள்ளைப் பீங்கான் கெண்டி, கடையில் வாங்கியதுதான். யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்ற ஆராய்ச்சியாளர் 1975-ல் தன் வீட்டுக் கெண்டியை அளந்து அதன் வளைவுகளைக் கம்ப்யூட்டருக்குக் கணக்காகக் கொடுத்தார். அதன்பின் முப்பரிமாணப் படம் வரையும் புரோகிராம் எழுதிய எல்லோரும் அந்தக் கெண்டியை ஒரு தடவையாவது வரைந்து பார்த்திருக்கிறார்கள். நாம் புதுப் பேனாவை வாங்கியதும் பிள்ளையார் சுழி போட்டுப் பார்ப்பது போல. அசல் கெண்டி இங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கெண்டியைவிட அசல் கொஞ்சம் உயரம் என்பது தனித் தமாஷ்.

ஆனால் பேரனின் கேள்விக்கு விடை இருந்தது இன்னொரு அறையில். பிடிபி-1 என்ற மெஷின் அங்கே இருக்கிறது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி தயாரித்தது. 1960 வாக்கில் அதன் விலை 1,20,000 டாலர். மொத்தமே ஐம்பது சொச்சம்தான் செய்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் நாலு இரும்பு பீரோக்கள், மினுக் மினுக் என்று விளக்குகள், ஒரு டைப்ரைட்டர், ஒரு வட்டமான திரை. இதன் நினைவகம் 9 கிலோபைட் அளவுதான். என் செல்ஃபோனில் எடுத்த ஒரு போட்டோவே இதைவிடச் சில நூறு மடங்கு பெரிசு.

கெட்டுப்போய்க் கிடந்த இந்த மெஷினைத் தன்னார்வலர்கள் சுமார் இரண்டு வருஷம் உழைத்து 2000-களின் நடுவில் மறுபடி ஓடவிட்டார்கள். குறிப்பிட்ட சில சனிக்கிழமைகளில் அதை இயக்கிக் காட்டுகிறார்கள். கிளம்புமுன் மியூசியத்தின் இணையதளத்தில் நேரம் பார்த்துக்கொள்வது நல்லது. நாங்கள் போன அன்று ஒரு பெரியவர் துளை போட்ட காகித நாடாவை மெஷினில் கொடுத்தார். சில விநாடிகளில் வட்டத் திரையில் நட்சத்திரங்கள் வந்தன. நடுவே ஒரு சூரியன், இரண்டு பக்கமும் இரண்டு குட்டி விண்கலங்கள். ஒன்று ஊசி மாதிரி, இன்னொன்று ஆப்பு மாதிரி. ‘ஸ்பேஸ்வார்’ என்ற இந்த விளையாட்டை 1962-ல் எம்ஐடி-யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவர் நண்பர்களும் எழுதினார்கள். பின்னணியில் தெரியும் நட்சத்திரங்கள் சும்மா தூவியவை இல்லையாம். பீட்டர் சாம்சன் என்ற நண்பர் நிஜ வானத்தைப் பார்த்து வைத்தவை. அந்த சாம்சன் வயதான பிறகு இங்கே வந்து மெஷினைப் பழுதுபார்க்கும் குழுவிலும் இருந்தார் என்பதைக் கேட்டபோது எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

பேரனும் இன்னொரு சிறுமியும் ஆடினார்கள். சூரியனின் ஈர்ப்பில் மாட்டி இரண்டு பேருமே மாறி மாறி வெடித்தார்கள். அறுபது வருஷத்துக்கு மேலான விளையாட்டு. பிள்ளைகளின் கூச்சல் இன்றைய கூச்சல்தான்.

“பாத்தியாடா, இதுல விண்டோஸ் இருக்கா?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

இல்லை. அதுதான் விஷயம். ஸ்பேஸ்வாருக்கும் மெஷினுக்கும் நடுவில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று ஒன்று கிடையாது. விளையாட்டே நேராகத் திரையிடம் ‘இங்கே ஒரு புள்ளி வை’ என்று சொல்கிறது. மெஷின் இருக்கும் வரை விளையாட்டு இருக்கும். கம்பெனிக்காரர்கள் மெஷினை விற்றபோது அது சரியாக ஓடுகிறதா என்று சோதிப்பதற்கே இந்த விளையாட்டைத்தான் போட்டுப் பார்த்தார்களாம்.

ஒரே மாதிரி ஐம்பது மெஷின் என்றால் இது நடக்கும். கோடிக்கணக்கான வீடுகளில், ஒவ்வொன்றிலும் ஒரு கம்பெனியின் கிராஃபிக்ஸ் கார்டு, இன்னொரு கம்பெனியின் சவுண்ட் கார்டு என்று வந்தபின் நடக்குமா? டாஸ் காலத்தில் கேம் ஆரம்பிக்குமுன்னே ‘உங்களிடம் என்ன சவுண்ட் கார்டு இருக்கிறது, எந்த எண்ணில் இருக்கிறது’ என்று கேள்வித்தாளே வரும் என்றார் மாப்பிள்ளை. அந்தத் தொல்லையைத் தீர்க்க ஒரு நடுவர் தேவைப்பட்டார். 1995-ல் விண்டோஸ் 95-ஐ ஒட்டி மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த டைரக்ட்எக்ஸ் அப்படி ஒரு நடுவர். கேம் ‘ஒரு முக்கோணம் வரை’ என்று டைரக்ட்எக்ஸிடம் சொல்லும். அது கார்டு கம்பெனி எழுதிக்கொடுத்த டிரைவரிடம் சொல்லும். டிரைவர் கார்டிடம் சொல்லும். கல்யாண வீட்டில் மாமியார் நேராகச் சமையல்காரரிடம் பேசாமல் மேஸ்திரி வழியாகச் சொல்லி அனுப்புவது மாதிரி.

இந்த மியூசியக் கட்டடமே முன்பு சிலிக்கான் கிராஃபிக்ஸ் என்ற கம்பெனியினுடையது. ‘ஜுராசிக் பார்க்’ படத்தின் டைனோசர்களை வரைந்தது அவர்களுடைய கம்ப்யூட்டர்களில்தான். 1992-ல் அவர்கள் வெளியிட்ட ஓபன்ஜிஎல் இன்னொரு நடுவர். பக்கத்தில் இன்று கூகுள் தலைமையகமாக இருக்கும் வளாகமும் அவர்களுடையதாகத்தான் இருந்தது. கம்பெனி போய்விட்டது, அது வகுத்த மொழி மட்டும் இன்னும் பேசப்படுகிறது. என்விடியா கம்பெனியின் தலைமையகம் இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சான்டா கிளாராவில் இருக்கிறது. அது பிறந்தது 1993-ல், சான் ஹோசேயில் டென்னிஸ் என்ற சாதாரண ஓட்டல் ஒன்றின் மேஜையில் மூன்று பேர் உட்கார்ந்து பேசிய பேச்சில். அந்த மேஜையில் இப்போது பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள்.

சரி, நடுவர் வந்தாயிற்று. ஆனால் நடுவருக்கும் வயதாகிறது. படம் இன்னும் நிஜமாகத் தெரிய வேண்டும், வேகம் வேண்டும் என்று ஒவ்வொரு தலைமுறையிலும் புது டைரக்ட்எக்ஸ் வருகிறது. டைரக்ட்எக்ஸ் 10 விஸ்டாவோடு வந்தது, எக்ஸ்பி-க்குத் தரவில்லை. டைரக்ட்எக்ஸ் 12 வந்தது 2015-ல், விண்டோஸ் 10-க்கு. அதில் எழுதிய கேம் விண்டோஸ் 7-இடம் போய்ப் பேசினால், விண்டோஸ் 7-க்கு அந்தச் சொற்களே தெரியாது. எங்கள் கும்பகோணத்து வீட்டில் தாத்தா காலத்து ஸ்விட்ச் போர்டு எல்லாம் இரண்டு ஓட்டைதான். புது ஃபிரிட்ஜ் மூன்று முள் பிளக்கோடு வந்தது. கரன்ட் அதே கரன்ட். ஆனால் எர்த் ஒயர் வீட்டுக்குள்ளேயே இல்லை. ஃபிரிட்ஜ் கம்பெனிக்காரன் வந்து நம் வீட்டுக்கு எர்த் போட்டுத் தருவானா?

சில சமயம் போட்டும் தந்திருக்கிறார்கள். மியூசியத்தில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற கேமுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் ஒன்றாக விளையாடும் கேம் அது. அதற்காக 2019-ல் மைக்ரோசாஃப்ட் டைரக்ட்எக்ஸ் 12-இன் ஒரு பகுதியை விண்டோஸ் 7-க்கே கொண்டுபோய்க் கொடுத்தது. ஆக, முடியாத காரியம் இல்லை. கேட்கிற கேம் பெரிய கேமாக இருந்தால் முடிகிறது. கேட்கிறவன் பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்தால் முடிவதில்லை. இதை நான் சொன்னதும் மாப்பிள்ளை சிரித்தார். மறுக்கவில்லை.

அவர் சொன்ன இன்னொரு காரணம் எனக்குப் புதிது. கேம் மட்டும் தனியாக நிற்பதில்லையாம். ஒன்றின் தோளில் ஒன்றாக நிற்கிறதாம். ஸ்டீம் என்பது கேம் விற்கும் பெரிய இணையக் கடை. அதன் புரோகிராமுக்குள் கூகுள் குரோமின் ஒரு பகுதி உட்கார்ந்திருக்கிறது. குரோம் 2023 பிப்ரவரியில் வந்த 110-ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸ் 7, 8-ஐக் கைவிட்டது. ஏன்? மைக்ரோசாஃப்டே விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை எல்லோருக்குமாக 2020 ஜனவரி 14-ல் நிறுத்தியிருந்தது. குரோம் விட்டதும் ஸ்டீமும் 2024 ஜனவரி 1 முதல் விட்டது. என்விடியாவோ அதற்கு முன்பே, 2021 அக்டோபரிலேயே, விண்டோஸ் 7-க்குப் புது கேம்களுக்கான டிரைவர் எழுதுவதை நிறுத்திவிட்டது. யாரோ ஒருத்தர் கையை எடுத்தால் அடுத்தவர், அடுத்தவர் என்று வரிசையாக எல்லோரும் எடுக்கிறார்கள். கடைசியில் நிற்கும் சின்ன கேம் கம்பெனி, தான் விரும்பினாலும் பழைய விண்டோஸுக்கு விற்க வழியில்லை.

சோதனைச் செலவு வேறு. ஒரு விண்டோஸுக்கு ‘ஓடும்’ என்று பெட்டியில் போட்டுவிட்டால், அதில் பல கார்டுகளை மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடாவிட்டால் புகார் வரும். புகாருக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். பழைய விண்டோஸ் வைத்திருப்பவர்கள் வாடிக்கையாளர்களில் மிகச் சிறிய பங்கு. கணக்கு டீச்சராக இருந்த எனக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்தது. புரிந்ததால் பிடித்துவிட்டது என்று அர்த்தமில்லை.

ஏனென்றால், எல்லாமே தொழில்நுட்பக் காரணம் என்று நம்பிவிடவும் கூடாது. ‘ஹேலோ 2’ என்ற கேமைக் கம்ப்யூட்டருக்கு 2007-ல் வெளியிட்டபோது விஸ்டாவில் மட்டுமே ஓடும் என்றார்கள். அது மூன்று வருஷம் முன்பே எக்ஸ்பாக்ஸில் வந்த பழைய கேம். சில பொடியன்கள் அதை உடைத்துப் பார்த்து எக்ஸ்பி-யிலேயே ஓட்டிக் காட்டிவிட்டார்கள். புது விண்டோஸ் விற்க வேண்டும் என்பதைத் தவிர அந்தக் கட்டுப்பாட்டுக்கு எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. ‘சிம்சிட்டி’ என்ற ஊர் கட்டும் விளையாட்டு 1989-ல் இதே சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்து மேக்ஸிஸ் கம்பெனி வெளியிட்டது. அதில் ஒரு பிழை. திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தையே மறுபடி எடுத்துப் பார்க்கும். காலி செய்த வீட்டுக்குள் போய் முகம் கழுவுவது போல. பழைய விண்டோஸில் தப்பித்துக்கொண்டிருந்தது. விண்டோஸ் 95-ல் குட்டு வெளிப்பட்டது. மைக்ரோசாஃப்ட்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓடுவது சிம்சிட்டி என்று தெரிந்தால் அந்த வீட்டை உடனே காலி செய்யாமல் கொஞ்ச நேரம் விட்டுவைக்கும்படி விண்டோஸுக்குள்ளேயே எழுதிவைத்தார்கள். புது விண்டோஸ் வாங்கினவன் பழைய கேம் ஓடவில்லை என்றால் விண்டோஸைத்தான் திட்டுவான், அதனால். புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் பழைய கேமைப் பொறுத்துக்கொள்கிறது. புது கேம் பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் பொறுத்துக்கொள்வதில்லை. யாருக்கு எதில் லாபம் என்பதைப் பொறுத்தது.

மியூசியத்துக் கேன்டீனில் காபி குடித்தபடி பேரன் தீர்ப்பு கேட்டான். அந்தக் கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் 10 போட்டால் தீருமா? அதற்கும் மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஐக் கடைசி நாளாக வைத்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் இருக்க வேண்டும், இதில் கிடையாது. ஆன்லைனில் ஆடும் சில கேம்கள், ஏமாற்றி ஆடுகிறவர்களைப் பிடிக்க, இதெல்லாம் இருந்தால்தான் உள்ளேயே விடுகின்றன.

கடைசியில் முடிவானது இதுதான். புது கேம், அப்பாவின் லேப்டாப்பில், சனி ஞாயிறு மட்டும். பழைய கம்ப்யூட்டர் பேரனிடமே இருக்கும், பழைய கேம்களுக்காக. ஆனால் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிடுவது. இது நம் வீடுகளுக்கும் பொருந்தும். பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன விண்டோஸில் பேங்க் வேலை, கரன்ட் பில் கட்டுவது எதுவும் வேண்டாம். அதற்காகத் தூக்கி எறியவும் வேண்டாம்.

அடுத்த வாரம் என் பெண்ணின் முறை. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஃபன்ஸ்டன் அவென்யூவில் பெரிய தூண்களோடு வெள்ளையாக ஒரு கட்டடம் இருக்கிறது. முன்பு சர்ச்சாக இருந்தது. 2009-ல் ‘இன்டர்நெட் ஆர்கைவ்’ என்ற அமைப்பு வாங்கியது. உள்ளே பிரார்த்தனைக் கூடத்தின் பெஞ்சுகள் அப்படியே இருக்கின்றன. பெஞ்சுகளில் அங்கே வேலை பார்த்தவர்களின் சுடுமண் உருவங்கள், நம் அய்யனார் கோயில் குதிரை வரிசையை ஞாபகப்படுத்துகிற மாதிரி. கூடத்தின் பின்சுவரில் கம்ப்யூட்டர் சர்வர்கள் நீல விளக்கு மினுங்க நிற்கின்றன. யாராவது எங்கிருந்தாவது ஒரு பழைய பக்கத்தைக் கேட்கும்போது மினுங்குகிறது என்றார்கள்.

இந்த அமைப்பு 2015 ஜனவரியில் சுமார் 2,400 டாஸ் கேம்களை இணையத்தில் இலவசமாக விளையாடும்படி வைத்தது. புது கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருப்பதுபோல் பாவனை செய்யும் மென்பொருளை ஓட்டி, அதற்குள் கேமை ஓட்டுகிறார்கள். கேமுக்கு 1990 என்றே நினைப்பு. இத்தனை செய்தும் நிலைமை சுகமில்லை. அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் நூற்றுக்கு 87 இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் ஆய்வு செய்து சொன்னது.

இனி வருகிற கேம்கள் இன்னும் மோசம். பாவனை செய்து காப்பாற்ற, கேம் முழுதாக நம் கையில் இருக்க வேண்டுமே. ‘தி க்ரூ’ என்ற கார் கேமை நடத்திய யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ல் தன் சர்வரை நிறுத்தியது. பணம் கொடுத்து வாங்கியவர்கள் வீட்டில் டிஸ்க் இருக்கிறது, கேம் இல்லை. அதன்பின் ஐரோப்பாவில் இதற்கு எதிராகப் பத்து லட்சத்துக்கும் மேலானவர்கள் கையெழுத்திட்டார்கள். கலிஃபோர்னியாவில் 2025 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது: இணையக் கடையில் விற்கும் கேமோ படமோ வாங்குகிறவருக்குச் சொந்தம் இல்லை, உரிமம் மட்டும்தான் என்றால், அதை விற்கும்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். திரும்பத் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எடுத்துக்கொள் என்கிறது. அரைக் கிணறு தாண்டியதுபோல்தான் எனக்குப் பட்டது.

என் பெண்ணுக்கு இந்தச் சட்டமெல்லாம் அன்று முக்கியமாகப் படவில்லை. தொண்ணூறுகளில் கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் கிளாஸுக்கு அனுப்பினால் அங்கே மாஸ்டர் டீ குடிக்கப் போகிற நேரம் பார்த்து ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ ஆடுவாளாம். எனக்கு இத்தனை நாள் தெரியாது. வாசல் படியில் உட்கார்ந்து லேப்டாப்பை விரித்து, ஆர்கைவ் பக்கத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டாள். அறுபது நிமிஷத்துக்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டுமாம்.

“அம்மா, முள்ளு! குதி! ஐயோ, நடக்கணும்மா, ஓடக்கூடாது!” என்று பேரன் கத்திக்கொண்டிருந்தான். ஜியரி தெருவில் பஸ் வர ஆறு நிமிஷம் இருந்தது. அதற்குள் இளவரசன் மூன்று முறை செத்தான். அடுத்த பஸ்ஸில் போனோம்.